குளவிகள் மேல் தப்பில்லை

பறங்கிக்காய் வாங்கும்போது காம்பைப் பார்த்து வாங்க வேண்டும். காம்பு ஒடிந்த காய் எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்து நாளில் அழுகிவிடும். தோலும் வழவழவென்று இருக்கக் கூடாது. வரிவரியாய்ச் சொரசொரப்பாய் இருந்தால்தான் பூச்சி பிடித்து நிற்கும். சந்தையில் காய்க்காரி என்னைத் தூரத்தில் கண்டதுமே, "வாத்தியாரு வராரு, நல்ல காயெல்லாம் ஒளிச்சு வையிங்கடி, பூச்சிக்கு விருந்து வைக்க வாங்கிட்டுப் போயிருவாரு" என்று குரல் கொடுப்பாள். நான் சிரித்துக்கொள்வேன். கறிக்கு வாங்குகிற எவரும் என் அளவுக்குப் பார்த்து வாங்க மாட்டார்கள்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம், ஐயா. நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன். தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். உங்கள் ஏட்டு, ஒரு பக்கம் போதும் பெரியவரே என்றார். ஒரு பக்கத்தில் எழுதினால் குளவிகளைப் பற்றி எழுத இடம் இருக்காது. நான் வந்ததே அவற்றுக்காகத்தான்.

என் பெயர் புன்மா. வயது ஐம்பத்தெட்டு. ஊர் நோங் கூங். படிப்பு நாலாம் வகுப்பு. மனைவி பாங்காக்கில் தையல் வேலைக்குப் போனவள் அங்கேயே இருந்துகொண்டாள். பிள்ளை இல்லை. ஐந்து வருஷமாக ஊரின் குளவிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறேன். வாத்தியார் என்ற பட்டம் அதனால் வந்தது. அதற்கு முன் ஊரில் யாருக்கும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் தேவை இருந்ததில்லை.

நீங்கள் நெல் விளையும் பக்கத்துக்காரர். மரவள்ளிக்காரன் கஷ்டம் உங்களுக்குப் பழக்கமிருக்காது. ஆறு வருஷத்துக்கு முன் கோடையில் மாவுப்பூச்சி வந்தது. செடியின் கொழுந்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல் அடையும். கொழுந்து சுருண்டு, இலை முஷ்டிபோல் குவிந்து, செடி அப்படியே நின்றுவிடும். தோண்டினால் கிழங்கு விரல் மொத்தம்கூட இருக்காது. அந்தப் பூச்சியில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், தானாகவே பெருகும். ஒன்று தப்பினாலும் போதும், வயல் முழுக்க நிரப்பிவிடும். ஊரே மருந்து அடித்தது. மருந்து அடித்தவர்கள் இருமினார்கள், பூச்சி இருமவில்லை.

பிறகு விவசாய அலுவலகத்து அம்மாள் ஒருவர் ஒரு சின்னக் குழாயில் இருநூறு குளவி கொண்டுவந்தார். குளவி என்றதும் கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து பின்னால் போனார்கள். எள்ளைவிடச் சிறியது என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். இதை வளர்த்து வயலில் விட ஓர் ஆள் வேண்டும் என்றார் அம்மாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிரயூன்தான் என்னைக் கை காட்டினான்.

"நம்ம புன்மா அண்ணனுக்கு வேலைவெட்டி ஒண்ணும் கெடையாது. அவருக்கும் பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. குடுங்கம்மா."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிரயூன் என் பக்கத்து வீட்டுக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். என்னைக் கொட்டகைக்கு அனுப்பியவன் அவன் என்பதை இந்த வாக்குமூலத்தில் மறக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

வேலை இதுதான். பறங்கிக்காயில் மாவுப்பூச்சியை வளர்க்க வேண்டும். காய் வெள்ளையாக மூடியதும் வலைக்கூண்டில் வைத்துக் குளவியை விட வேண்டும். குளவி பூச்சியின் மேல் ஏறி, தன் கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் வாலை ஊன்றி ஒரு முட்டை உள்ளே வைக்கும். பூச்சிக்கு ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்குச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். உள்ளே புழு பிறந்து தின்னத் தொடங்கும். உயிருக்கு வேண்டியதைக் கடைசிவரை தொடாது. அந்த ஒழுங்கை நான் மனிதரிடத்தில் பார்த்ததில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், உள்ளே முக்கால்வாசி காலியான பிறகும் பூச்சியின் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். பிறகு உடம்பு பழுப்பாகி, காய்ந்த மிளகுபோல் ஆகும். ஒரு நாள் காலையில் அதில் வட்டமாய் ஓர் ஓட்டை. குளவி வெளியே வந்து இறகைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

நான் இரக்கமில்லாதவன் அல்ல. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் கூண்டைத் தொட மாட்டேன். விகாரைக்குப் போய்ச் சோறு வைத்து, பித்தளைக் கிண்ணத்தில் நீர் வார்த்து, அந்தப் பதினைந்து நாளில் செத்த பூச்சிகளுக்குப் புண்ணியம் சேர வேண்டிக்கொள்வேன். பூச்சிக்கு நீர் வார்க்கிற முதல் ஆள் நீதான் என்று பெரிய பிக்கு சிரித்தார். இன்றுவரை ஒரு முறையும் தவறியதில்லை.

இரண்டே வருஷத்தில் ஊர் பச்சையாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை என்னால் எழுத முடியாது. நான் தெருவில் போனால் ஒட்டுச்சோறும் சுட்ட கோழியும் கையில் திணிப்பார்கள். புத்தாண்டில் பெரியவர்கள் மணிக்கட்டில் நூல் கட்டுவோமே, அதற்கு என் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். நான் கட்டினால் வயல் விளையுமாம். ஐம்பத்து நாலு வயதில் முதல் முறையாக நான் கூட்டத்துக்குப் போனால் உட்கார இடம் கொடுத்தார்கள்.

மூன்றாம் வருஷம் அலுவலகத்து அம்மாள் வந்து நாலு வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பூச்சியே இல்லையே மாமா, இனி கொட்டகை வேண்டாம், குளவி தானே பார்த்துக்கொள்ளும் என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அன்று மாலைக் கூட்டத்தில் பிரயூன் எழுந்தான்.

"பூச்சிதான் போயிருச்சே வாத்தியாரே. அந்தக் கொட்டகையில காளான் போட்டா என்ன? நிழலா, குளுகுளுன்னு நல்லாத்தான் இருக்கு. நீங்களும் பாவம், இனிமேலாவது கொஞ்சம் உக்காருங்க."

எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இதை யாராவது வேறு விதமாகச் சொன்னால் நம்ப வேண்டாம். நான் யோசித்தது ஒன்றுதான். பூச்சி அடியோடு இல்லாமல் போனால் குளவி எங்கே முட்டை வைக்கும்? பட்டினி கிடந்து செத்துப்போகும். பிறகு வேறு ஊரிலிருந்து பூச்சி வந்தால் ஊரைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? கொஞ்சம் பூச்சி இருந்தால்தான் குளவி இருக்கும், குளவி இருந்தால்தான் ஊர் இருக்கும். இந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று யாராவது எனக்குச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என் வயலில்தான் வைத்தேன். பறங்கிக்காய்த் தோலை உள்ளங்கை அளவு சீவி, பூச்சியோடு, செடியின் கவட்டில் வைத்தேன். பதினைந்து நாளில் கொழுந்து வெள்ளையானது. ஊருக்குக் காட்டினேன். காளான் பேச்சு நின்றது. ஆனால் என் வயல் ஊர்க்கோடியில் இருக்கிறது, சின்னது. அது ஒன்றைக் காட்டி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

அந்த வருஷம் கார்த்திகையில் கூட்டு நடவு. எங்கள் பக்கத்தில் ஒருவர் வயலை ஊரே சேர்ந்து நடும், அடுத்த நாள் அடுத்தவர் வயல். வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள், நடுவதற்காக வெட்டிய மரவள்ளித் தண்டு, அதாவது கரணை, அவரவர் ஒரு கட்டுக் கொண்டுவருவார்கள். கரணையை மருந்துத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறப்போட்டு நடுவது வழக்கம். என் கட்டை மட்டும் யாரும் ஊறப்போடுவதில்லை. மருந்து பட்டால் குளவிக்கு ஆகாது, இது குளவிக் கொட்டகைக் கரணை, சுத்தமானது என்று நான் முதல் வருஷமே சொல்லியிருந்தேன். அப்போது அது உண்மைதான். "வாத்தியாரு கட்டை மருந்துல முக்குன கையி வெளங்காது" என்று பிரயூனின் மனைவி லமை, தெரியாமல் முக்கப்போன ஒரு பெண்ணின் கையைத் தட்டிவிட்டாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கரணையின் கணுக்களில் பூச்சி இருந்தது. லமை கையாலேயே அது அவர்கள் வயலில் நடப்பட்டது.

ஏன் பிரயூன் வயல் என்று கேட்பீர்கள். அது ஊர் நடுவில் இருக்கிறது. நாலு பக்கக் காற்றும் அதன் வழியாகத்தான் போகும். அங்கே குளவி பெருகினால் எல்லா வயலுக்கும் பரவும். வேறு காரணம் இல்லை.

நான் அவனைக் கைவிடவில்லை. கொழுந்து சுருண்டதும் ஓடிவந்தான். மூன்றாம் நாளே குளவி விட்டேன். ஆனாலும் அந்த வருஷம் பாதிக் கிழங்குதான். அவன் மகன் வினயை மழைக்காலத் தவத்துக்கு முன் துறவறத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆசை வைத்திருந்தான். மகனின் காவித் துணி முனையைப் பிடித்துக்கொண்டுதான் அப்பனும் ஆத்தாளும் மேலே போக முடியும் என்பது எங்கள் நம்பிக்கை. ஊரைக் கூட்டிச் சோறு போடாமல் அதைச் செய்ய முடியாது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். என்னிடம் வந்து, நல்லவேளை வாத்தியாரே, நீங்க இருந்தீங்க, இல்லன்னா மொத்தமும் போயிருக்கும் என்று கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கியது. நான் அதற்குத் தகுதியானவன் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அடுத்த நடவிலும் என் கட்டைக் கொடுத்தேன். கோடையில் அந்தப் பூச்சி போதாது என்று பட்டது. பங்குனி வெயிலில் உச்சி நேரத்தில் ஊரே முடங்கிக் கிடக்கும். அப்போது போய்த் தோல் துண்டுகளைச் செடியடியில் வைத்துவிட்டு வந்தேன். பூச்சி இந்த முறை வேகமாகப் பிடித்தது. நான் குளவியும் விட்டேன். பொறு, பதினைந்து நாள் பொறு, மருந்தை மட்டும் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

புத்தாண்டன்று பிரயூன் வந்து என் கையில் நூல் கட்டினான். வயதில் இளையவன் கட்டுவது வழக்கமில்லை. "நீங்க எல்லாருக்கும் கட்டுறீங்க, ஒங்களுக்கு யாரு கட்டுறது அண்ணே?" என்றான். வாத்தியாரே என்று சொல்லாமல் அண்ணே என்றான். அந்த நூல்தான் இது. உங்கள் ஏட்டு அறுத்துப் போடச் சொன்னார். அறுக்கக் கூடாது, தானாக இற்று விழ வேண்டும்.

அதற்கு ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். அவன் வயலில் குளவி எப்படி இருக்கிறது என்று பார்க்க மோட்டார் சைக்கிளில் போனேன். தூரத்திலேயே மருந்து வாடை வந்தது. பொறுக்காமல் அடித்துவிட்டான். எங்கோ மூலையில் கிடந்த பழைய மருந்து. முதுகு டப்பா ஒழுகி, சட்டை முழுக்க நனைந்திருந்தது. செடிக்கடியில் என் குளவிகள் கொட்டிக் கிடந்தன. நான் முதலில் பார்த்தது அவற்றைத்தான். எனக்கு வந்த துக்கத்தை மறைக்க விரும்பவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

பிறகுதான் புளியமரத்தடியில் அவனைப் பார்த்தேன். உங்கள் அறிக்கையில், நான் போனபோது உயிர் இல்லை என்று இருக்கிறது. நான் சொன்னதைத்தான் நீங்கள் எழுதினீர்கள். உயிர் இருந்தது. வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை. கண்மணி கடுகுபோல் சுருங்கியிருந்தது. என்னை அடையாளம் கண்டு கையை நீட்டினான்.

"வாத்தியாரே... ஒங்க கொட்டகையில எலி பூந்திருச்சு. காய்த் தோலக் கொண்டாந்து என் செடியடியில போட்டிருக்கு. பையில வச்சிருக்கேன், ஒங்ககிட்ட காட்டணும்னு."

சட்டைப் பையில் நாலு துண்டு இருந்தது. கத்தியால் சீவிய துண்டுகள். எலி என்று நினைத்திருக்கிறான். சாகிற நேரத்தில்கூட என் காய் வீணாகிறதே என்று அவனுக்குக் கவலை. அவன் அப்படி நினைத்தான். ஊரில் மற்றவர்கள் எலி என்று நினைக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தால் அவன் அதை எல்லோரிடமும் காட்டுவான். எலியைப் பிடிக்க ஊரே கொட்டகைக்கு வரும்.

"வண்டி இருக்குல்ல அண்ணே?" என்றான்.

"இரு, கொண்டாரேன்" என்றேன்.

வண்டி முப்பது அடியில் நின்றது. மாவட்ட ஆஸ்பத்திரி இருபது நிமிஷம். இந்த மருந்துக்கு அங்கே ஊசி இருக்கிறது. போன வருஷம் இதேபோல் விழுந்த ஒருவரை நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன், அவர் இப்போது நன்றாக இருக்கிறார். நான் வண்டிக்குப் போய், அதன் நிழலில் உட்கார்ந்தேன். அவன் பார்வைக்கு மறைவாகத்தான் உட்கார்ந்தேன். பார்த்துக்கொண்டே கிடந்தால் அவனுக்குக் கஷ்டமாக இருக்கும் அல்லவா? பதினொன்றரை வரை அவன் கால் ஆடிக்கொண்டிருந்தது. நின்ற பிறகு போய், முகத்தைத் துடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த தோலை எடுத்துக்கொண்டு, லமையைக் கூப்பிடப் போனேன்.

அந்தத் தோல் துண்டுகளைக் கொட்டகையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதினொரு பூச்சி. அதில் ஏழு பழுப்பாகிவிட்டிருந்தன. குளவி வேலையைத் தொடங்கிவிட்டது, ஐயா. இன்னும் எட்டு நாள் பொறுத்திருந்தால் அவன் வயல் தானாகச் சரியாகியிருக்கும். அவசரப்பட்டுவிட்டான்.

தகனத்தன்று வினய் மொட்டையடித்துக் காவி கட்டினான், சிதைக்கு முன் ஒரு நாள் துறவு. அப்பன் இடத்தில் நிற்க ஆள் வேண்டும் என்றபோது லமை என்னைத்தான் காட்டினாள். "அவருக்கு அண்ணன் மாதிரி நீங்கதான்" என்றாள். காவித் துணியை நான்தான் அந்தப் பையன் கையில் கொடுத்தேன். அன்று மாலை பித்தளைக் கிண்ணத்தில் பிரயூனுக்கும் நீர் வார்த்தேன். பூச்சிகளுக்கு வார்க்கிற அதே கிண்ணம். என்னிடம் வேறு இல்லை.

இத்தோடு முடிந்திருக்கும். நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். ஆனால் போன வாரம் ஊர்க் கூட்டத்தில் தலைவர் எழுதி வாசித்தார்: குளவி முறை தோற்றுவிட்டது, குளவியை நம்பி ஒரு குடும்பம் அழிந்தது, இனி ஊர் முழுக்க மருந்து. லமை எழுந்து, அந்தக் குளவிதான் என் புருஷனக் கொன்னுச்சு என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. உங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் ஒரு வரி இருக்கிறது. மறுநாள் பதினெட்டுப் பேர் டப்பாவை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டே நாளில் ஊரில் ஒரு குளவி மிச்சமில்லை. கொட்டகைக்குள்ளும் வாடை ஏறி, கூண்டில் இருந்தவையும் போய்விட்டன. ஒன்றைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை. ஐந்து வருஷம் ஒரு தவறும் செய்யாத ஜீவன்கள். அவற்றின் மேல் கொலைப்பழி இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பூச்சியை வைத்தது நான். வண்டியை எடுக்காதது நான். பிரயூன் சாகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். குளவிகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அறிக்கையில் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள், மற்றதை உங்கள் இஷ்டப்படி எழுதுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். கொட்டகையில் இருபத்தெட்டுப் பறங்கிக்காய் இருக்கிறது. குளவிதான் செத்தது, மாவுப்பூச்சி அத்தனை மருந்திலும் அப்படியேதான் இருக்கிறது, எல்லாக் காயும் வெள்ளை வெளேரென்று மூடியிருக்கிறது. நான் திரும்பிப் போக முடியாது என்பதால் வரும்போது கதவைப் பூட்டவில்லை. பூட்டினால் காய் அழுகி, பூச்சியெல்லாம் உள்ளேயே பட்டினி கிடந்து சாகும், அந்தப் பாவம் வேண்டாம். காய்களை வெளியே எடுத்து, காற்று வருகிற பக்கமாக வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். மழை வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் ஊரில் ஒரு கொழுந்து தப்பாது.

அப்போது என்னைத் தேடி வருவார்கள். அலுவலகத்து அம்மாளிடம் இருநூறு குளவி வாங்கிக் கொடுத்து, எனக்குப் பதினைந்து நாள் மட்டும் வெளியே போக அனுமதி கொடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை, ஐயா. என்னை விட்டால் அந்த ஊருக்கு யாரும் இல்லை.